மாத்திரைக்கு விடுமுறை விடலாமா?

எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு இரவு ஏழு மணிக்குத்தான். சோறு, குழம்பு, பொரியல், முட்டை எல்லாம் அப்போதுதான் என் மகனின் தட்டுக்கு வரும். அவனுக்கு ஒன்பது வயது. ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறான். காலையில் பசியாறியதும் ஒரு மாத்திரை போடுகிறான். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை பசி அவனை எட்டிப் பார்ப்பதில்லை.

அவனுக்கு ஏடிஎச்டி. கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு என்று தமிழில் சொல்கிறோம். சில மாதங்களுக்கு முன் வானொலியில் பிள்ளைகளின் உணவுப் பழக்கம் பற்றிப் பேசும்போது இதைச் சொன்னேன். அன்று இரவு வரை நிலையத்தின் புலன எண்ணுக்குக் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. குளுவாங்கிலிருந்து ஒரு தாய், மாசாயிலிருந்து ஓர் அப்பா, ஸ்கூடாயிலிருந்து ஒரு பாட்டி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்ற கோரிக்கையோடு எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது. பள்ளி லீவுல மருந்த நிறுத்திப் பார்க்கலாமா?"

அந்தக் கேள்விக்கு 30 விநாடியில் பதில் சொல்ல முடியாது. நான் மருத்துவரும் இல்லை. ஊடகவியல் படித்த, மைக் முன்னால் பேசிப் பழகிய ஓர் அம்மா. ஆனால் ஒன்றரை ஆண்டாக அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். எங்கள் மருத்துவரிடம் கேட்டது, படித்துத் தெரிந்துகொண்டது, வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

மகனுக்கு இது இருப்பது இரண்டாம் ஆண்டில்தான் உறுதியானது. அதற்கு முன்பு 'துறுதுறு', 'சேட்டை', 'வாலு' என்று அவனுக்குப் பல பெயர்கள். பென்சில் பெட்டி வாரம் ஒன்று காணாமல் போகும். வெண்பலகையில் ஐந்து வரி இருந்தால் நோட்டில் இரண்டு வரி இருக்கும். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான், அதுவும் வேறொரு கேள்விக்கான பதில். அரசாங்கக் கிளினிக்கில் காட்டினோம். அங்கிருந்து மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தார்கள். நிபுணர் ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு படிவம், வகுப்பாசிரியருக்கு ஒரு படிவம். வீடு, பள்ளி இரண்டு இடத்திலும் இந்த அறிகுறிகள் இருக்கின்றனவா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, காதும் கண்ணும் சரியாக உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் எங்களுக்குத்தான் பயிற்சி. ஒரே நேரத்தில் ஒரே கட்டளை, சுவரில் படம் போட்ட கால அட்டவணை, நல்லது செய்த உடனே பாராட்டு. அது கொஞ்சம் உதவியது. ஆனால் பள்ளியில் அவன் தனியாகிக்கொண்டே வந்தான். குழு வேலை என்றால் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கிய வாரத்தில் மருந்தும் தொடங்கியது. இரண்டாவது மாதம், வகுப்பில் எழுதிய ஒரு பக்கத்தை முழுதாக என்னிடம் கொண்டுவந்து காட்டினான். கடைசி வரி வரை எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

மருந்தின் பெயர் மெத்தில்பெனிடேட். ரிட்டாலின், கான்செர்ட்டா என்ற பெயர்களில் பலரும் அறிந்தது. மூளையில் டோப்பமின், நோரட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்துகின்றன. அவை சீக்கிரமே திரும்ப உறிஞ்சப்படாமல் இந்த மருந்து தடுக்கிறது. அதனால் கவனம் நிலைக்கிறது. அதே நேரத்தில் பசியும் மங்குகிறது.

இது புதிய மருந்தும் அல்ல. 1937-லேயே அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்து கொடுத்த பிள்ளைகள் பாடத்தில் ஊன்றி உட்கார்ந்ததைப் பதிவு செய்தார். மெத்தில்பெனிடேட் 1944-ல் சுவிட்சர்லாந்தில் உருவானது. அதைச் செய்த லியாண்ட்ரோ பனிசோன் தம் மனைவி மார்கரிட்டின் செல்லப் பெயரான ரீட்டாவைத்தான் ரிட்டாலினுக்கு வைத்தார். இன்னொரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை ஒரு காலத்தில் உடல் மெலிவதற்கென்றே பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்று பசியை அடக்குவதுதான் பலன். இன்று நம் பிள்ளைக்கு அது பக்கவிளைவு. ஆக, பிள்ளை சாப்பிட மறுப்பது அடமும் இல்லை, அம்மாவின் சமையல் குறையும் இல்லை. மருந்து வேலை செய்யும்போது வயிறு கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

மருந்து தொடங்கியபோது மகனின் எடை 25 கிலோ. நான்கு மாதத்தில் 23.6 கிலோ. பள்ளிச் சட்டை தோளில் தொங்கியது. உணவுப் பெட்டி போனபடியே திரும்பி வந்தது. எங்களோடு இருக்கும் என் மாமியார் ஒரு மாலை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"மாத்திரைய நிறுத்தும்மா. புள்ள எலும்பும் தோலுமா ஆயிட்டான். படிப்பு எப்ப வேணும்னாலும் வரும். ஒடம்பு போச்சுன்னா திரும்ப வருமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று பிள்ளைகளைத் தோட்டத்து லயத்தில் வளர்த்தவர். பிள்ளை தட்டைத் தள்ளினால் அது நோயின் முதல் அறிகுறி என்று அவருக்கு வாழ்க்கை கற்றுத் தந்திருக்கிறது. அவரையும் அடுத்த சந்திப்புக்கு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் ஒரு தாளில் வட்டம் போட்டு அதைக் கடிகாரமாக்கினார். காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை கோடு கிழித்தார். "இது மருந்தின் நேரம்" என்றார். மெத்தில்பெனிடேட்டில் சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம் வேலை செய்யும். நீண்ட நேரம் செயல்படும் வகைகளில் சில எட்டு மணி நேரம், சில பன்னிரண்டு மணி நேரம் வரை போகும். மகனுடையது கடைசி வகை. "இந்தக் கோட்டுக்குள்ளே நீங்க எவ்வளவு ஊட்டினாலும் சண்டைதான் மிஞ்சும். கோட்டுக்கு வெளியில எவ்வளவு நேரம் இருக்குன்னு பாருங்க" என்றார். அதிகாலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். அந்த நாலு மணி நேரத்தில்தான் அவன் ஒரு நாளுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைச் சாப்பிட வேண்டும்.

அன்றிலிருந்து மாத்திரைக்கு முன் பசியாறுவது எங்கள் வீட்டுச் சட்டம். மகன் ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவான். முட்டை தோசை, நெய் விட்ட இட்லியும் பொடியும், வாழைப்பழம் போட்ட ஓட்ஸ் கஞ்சி என்று ஏதாவது ஒன்று. கூடவே கொழுப்பு நீக்காத பால். கடைசி வாய் உள்ளே போன பிறகே மாத்திரை. மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் பசியாறல் ஆகாது என்று உணவியல் நிபுணர் கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்சமே சாப்பிடும் பிள்ளைக்கு ஒவ்வொரு வாயிலும் சத்து இருக்க வேண்டும். அதற்காகச் சர்க்கரையையும் பொரித்த தின்பண்டங்களையும் அள்ளிப் போடக்கூடாது. முட்டை, பால், தயிர், நெய், கடலை, மீன், கோழி, பழம். நம் அடுப்படியில் எப்போதும் இருப்பவைதான்.

பள்ளியின் ஓய்வு நேரம் இருபது நிமிடம். அங்கே ஒரு பெட்டிச் சோற்றை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டோம். அவித்த காடை முட்டை மூன்று, ஒரு சின்ன வாழைப்பழம், சில நாள் பாலாடைக்கட்டி. முடிந்தால் சாப்பிடுவான். முடியாவிட்டால் அப்படியே வரும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தண்ணீர்ப் புட்டி மட்டும் காலியாக வர வேண்டும். வகுப்பாசிரியரிடமும் இதைச் சொல்லி வைத்தேன். மற்ற பிள்ளைகள் முன்னால் 'சாப்பிடு, சாப்பிடு' என்று யாரும் நிற்காததே அவனுக்குப் பெரிய நிம்மதி.

மாலைதான் சிக்கலாக இருந்தது. பசி திரும்பும் நேரமும் மருந்து இறங்கும் நேரமும் ஒன்று. ஐந்தரை மணி வாக்கில் மகன் சிடுசிடுப்பான், சின்ன விஷயத்துக்கும் அழுவான். அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தை எடுத்தால் வீடு போர்க்களம்தான். முதலில் வயிற்றுக்கு ஏதாவது, பிறகு அரை மணி நேரம் சைக்கிள், பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பது?

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். கடற்பாலத்து நெரிசலுக்குப் பயந்து விடிகாலை நாலே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பவர், திரும்ப இரவு எட்டாகிவிடும். ஜொகூரில் பல்லாயிரம் குடும்பங்களின் கதை இது. நானோ மாலை நான்கு முதல் எட்டு வரை ஒலிபரப்பில் இருந்தேன். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் காரில் கேட்கும் நேரம். எங்கள் துறையில் அதுதான் பொன்னான நேரம், ஆறு ஆண்டு உழைத்து வாங்கிய இடம். என் மகன் ஒரு நாளில் உண்மையாகவே பசிக்கும் மூன்று மணி நேரமும், என் குரல் ஊருக்கெல்லாம் கேட்கும் நேரமும் ஒன்றாக இருந்தன. மாமியார் முடிந்ததைச் செய்தார். ஆனால் மாலைச் சிடுசிடுப்பை எழுபது வயதில் தனியாகச் சமாளிப்பது கடினம்.

நிலையத்தில் பேசி, காலை பத்து முதல் ஒன்று வரையிலான நிகழ்ச்சிக்கு மாறிக்கொண்டேன். விளம்பர நிகழ்ச்சிகளில் வரும் கூடுதல் தொகை குறைந்தது. பழைய நேயர்கள் சிலர் இன்னும் "ஏன் சாயங்காலம் வர்றதில்ல?" என்று கேட்கிறார்கள். அந்த மாலை நேரத்தை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி மாற முடியாது என்பதும் தெரியும். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ, மருந்து இறங்கும் நேரத்தில் யார் அடுப்படியில் நிற்பது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஏழு மணிக்கு முழுச் சாப்பாடு. சோற்றில் ஒரு கரண்டி நெய், பருப்பு, மீன் அல்லது கோழி. ஒன்பது மணிக்கு ஒரு கிண்ணம் தயிரோ, நிலக்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியோ, அவக்காடோ அடித்த பாலோ. ஒன்பதே முக்காலுக்குப் படுக்கை. 2025 ஜனவரியில் ஜொகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறியதில் எங்களுக்கு ஒரு நன்மை. முன்பு பிள்ளைக்கு வெள்ளி விடுமுறை, அப்பாவுக்கு வேலை. அப்பாவுக்கு ஞாயிறு விடுமுறை, பிள்ளைக்குப் பள்ளி. இப்போது வாரத்தில் இரண்டு இரவு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேச்சும் சிரிப்புமாகச் சாப்பிடும்போது அவன் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாக வாங்கிக்கொள்கிறான்.

இவ்வளவும் செய்தபின் எடை இறங்குவது நின்றது. ஆனால் ஏறவும் இல்லை. மருத்துவரின் கணினியில் வளர்ச்சிக் கோடு ஒன்று உண்டு. உயரம் தன் பாதையில் மெல்ல ஏறிக்கொண்டிருக்க, எடை மட்டும் அடுத்தடுத்த இரண்டு சந்திப்புகளிலும் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மருந்து விடுமுறை என்ற பேச்சு அப்போதுதான் முதலில் வந்தது.

இதில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 579 பிள்ளைகளைக் கொண்டு நடந்த எம்டிஏ ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. அதில் புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட மூன்றாண்டு முடிவில் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக வளர்ந்திருந்தார்கள். பயந்து ஓட வேண்டிய எண்ணும் அல்ல, கண்டுகொள்ளாமல் விடும் எண்ணும் அல்ல. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்கச் சொல்கிறது. எடை குறைந்தால் உணவோடு அல்லது உணவுக்குப் பின் மருந்து, அதிகாலையிலும் இரவிலும் கூடுதல் உணவு, திட்டமிட்ட இடைவெளி, மருந்தை மாற்றுவது என்று வழிகளை அடுக்குகிறது. நம் சுகாதார அமைச்சும் பிள்ளைகள், இளையோருக்கான ஏடிஎச்டி வழிகாட்டி ஒன்றை வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2020-ல் வந்தது.

அதே 2020-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எடை குறைந்த பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தது. சிலருக்கு மருந்து விடுமுறை, சிலருக்குச் சத்துப் பானம். இரண்டுமே எடையை ஏற்றின. ஆனால் இரண்டுமே உயரத்தை வேகப்படுத்தவில்லை. 'லீவு விட்டால் பிள்ளை சட்டென்று வளர்ந்துவிடுவான்' என்ற நம்பிக்கையோடு யாரும் இறங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் முக்கியம். எல்லா மருந்துக்கும் விடுமுறை விட முடியாது. மெத்தில்பெனிடேட் அன்றன்றைக்கு வேலை செய்து அன்றே உடலைவிட்டு இறங்கும் மருந்து. அதனால்தான் இடைவெளி என்ற பேச்சே எழுகிறது. அட்டோமொக்செட்டின் முழுப் பலன் தரவே வாரக்கணக்கில் ஆகும். சனி, ஞாயிறு மட்டும் விட்டுப் போடும் மருந்தல்ல அது. குளோனிடின் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறக்கூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நிறுத்தினான் என்பது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். முதலில் மாத்திரைப் பெட்டியில் உள்ள பெயரைப் பாருங்கள். பிறகு மருத்துவரிடம் கேளுங்கள்.

வார இறுதியில் மட்டும் விடலாமா என்று கேட்டேன். மருத்துவர் எங்கள் வார இறுதியைப் பற்றி விசாரித்தார். சனிக்கிழமை நீச்சல், ஞாயிறு காலை தேவார வகுப்பு, மாலை உறவினர் வீடு. "ஏடிஎச்டி பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உள்ளது இல்லையே, அன்னைக்கும் அவனுக்கு அது இருக்கும்" என்றார். மருந்து நின்ற நாளில் யார் கூட இருப்பார்கள், சாலை கடக்கும்போது யார் கை பிடிப்பார்கள் என்றும் கேட்டார். கடைசியில் ஆண்டு இறுதி விடுமுறையில் மூன்று வாரம் என்று முடிவானது. எதற்காக இந்த இடைவெளி என்று அவர் ஒரே வரியில் எழுதினார்: எடை. எடைதான் காரணம் என்றால் எடையை வைத்துத்தான் பலனை அளக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்து, சாப்பாடு, தூக்கம், மனநிலை மூன்றையும் நோட்டில் எழுதச் சொன்னார்.

முதல் மூன்று நாளில் வீடே திருவிழா. மகன் காலையில் நாலு தோசை, மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பாட்டி முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அவன் பாட்டுப் பாடினான், பாட்டிக்கு ஆடிக் காட்டினான், ஓயாமல் பேசினான். அந்த உரத்த சிரிப்பை நானும் கொஞ்சம் மறந்திருந்தேன். ஆறாம் நாள் தாமானில் பந்தைத் துரத்திக்கொண்டு கார் வரும் சாலைக்குள் ஓடினான். கணவர் கூடவே இருந்ததால் கையைப் பிடித்து இழுத்தார். எட்டாம் நாள் அத்தை மகனோடு ஒரு விளையாட்டுப் பொருளுக்காகச் சண்டை. இருவருக்கும் காயம். பத்தாம் நாள் ஒரு திருமண வீட்டில் மேடைக்கும் பந்திக்கும் இடையே அவனைத் துரத்தித் துரத்தி நாங்கள் யாரும் சாப்பிடவே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாட்டி மெல்லக் கேட்டார். "ஏம்மா, மாத்திர எப்பதான் திரும்பத் தொடங்குறது?"

காரில் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்த ஒரு கேள்வியில் எங்கள் வீட்டில் ஒரு வாதம் முடிவுக்கு வந்தது. மருந்து எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்பதை அவரும் தம் கண்ணால் பார்த்திருந்தார். மூன்று வார முடிவில் எடை 900 கிராம் கூடியிருந்தது. விடுமுறை முடியும் தறுவாயில், மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். முதல் பத்து நாள் பசி மறுபடியும் மங்கியது. எதிர்பார்த்ததுதான். ஏழு மணிச் சாப்பாடு தயாராக இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான இடம் இனிமேல்தான். விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள், "நாளையிலேருந்து மாத்திரைக்கும் லீவு" என்று மகனிடம் சொன்னேன். குதிப்பான் என்று நினைத்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப லீவு முழுக்க நான் கெட்ட பையனாம்மா?"

எடையையும் உயரத்தையும் அளக்கத் தராசும் நாடாவும் இருக்கின்றன. இதை அளக்க என்ன இருக்கிறது? அவனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் சத்தம் போட்டால் ஒரு உறவினர், "இன்னைக்கு மாத்திரை போட்டியா, இல்லையா?" என்பார். அவன் அமைதியாக இருந்தால், "மாத்திரை நல்லா வேலை செய்யுது" என்பார்கள். அவன் முயற்சி எடுத்து உட்கார்ந்த நாளிலும் பாராட்டு மாத்திரைக்குத்தான் போகிறது. திட்டு மட்டும் அவனுக்கு.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் எடுத்துச் சொன்னேன். "தாத்தா வீட்டுப் பழைய ரேடியோவில திருகினா கரகரன்னு சத்தம் கேக்கும்ல? சரியா திருகினா அந்த இரைச்சல் கொறஞ்சு பாட்டு நல்லா கேக்கும். மாத்திரை அந்த இரைச்சலத்தான் கொறைக்குது. பாட்டு எப்பவும் ஒன்னோடதுதான். லீவுல இரைச்சல் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். நாங்க பக்கத்திலயே இருப்போம்." அவன் யோசித்துவிட்டு, "அப்ப சத்தமா இருந்தா திட்டாதீங்க" என்றான். ஒப்புக்கொண்டோம். அன்று முதல் 'மாத்திரை போட்டியா' என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே நேரம்தான்: காலை ஆறரை. மற்ற எந்த நேரத்திலும், அவன் எதைச் செய்தாலும், யாரும் அதைக் கேட்கக்கூடாது. உறவினர்களிடமும் பணிவாகச் சொல்லிவிட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

குரல் பதிவு அனுப்பியவர்களுக்கு இன்னும் சில சொல்ல வேண்டும். பசியைத் தூண்டும் மருந்து என்று மருந்தகத்தில் கிடைப்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஒரு நாள் மாத்திரை மறந்தால் அடுத்த நாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள். நீண்ட நேரம் செயல்படும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான சோகம், அல்லது எடை தொடர்ந்து இறங்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையோடு சிங்கப்பூர் போகிறவர்கள் கவனிக்க: மெத்தில்பெனிடேட் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொண்டுபோக அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. பாலம் கடந்து நின்ற பிறகு யோசிக்காமல், புறப்படுவதற்குப் பல நாள் முன்பே அதைப் பாருங்கள்.

மருந்துக்கு விடுமுறை விடலாமா என்றால், விடலாம், சில பிள்ளைகளுக்கு, சில மருந்துகளுக்கு, ஒரு காரணத்தோடு, மருத்துவருக்குத் தெரிந்து. பரிதாபப்பட்டு ரகசியமாக நிறுத்துவது விடுமுறை ஆகாது. அப்படி நிறுத்தினால் மருந்து உதவியதா, உணவு நேரம் உதவியதா, எதுவுமே உதவவில்லையா என்று மருத்துவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

எங்கள் அடுத்த சந்திப்பு வரும் மாதம். இந்த ஆண்டு இறுதியிலும் இடைவெளி வேண்டுமா என்பதை அந்தக் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்வோம். இம்முறை நோட்டை என் மகனே எழுதுகிறான். எழுத்துக் கோணல்தான். நேற்றைய பக்கத்தில் மூன்றே சொற்கள்: 'இன்று பசி வந்தது.'